தீவை வலம் வருவோம், வாருங்கள்





பேருந்தின் நெற்றிப் பலகையில் ஊர்ப் பெயரைத் தேடிப் பழகியவர்கள் நாம். ராரோடோங்காத் தீவில் அந்தப் பழக்கம் உதவாது. அங்கே ஒரு வண்டியில் ‘கிளாக்வைஸ்’ என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் ‘ஆன்ட்டி கிளாக்வைஸ்’. வலஞ்சுழியாகப் போவது ஒன்று, இடஞ்சுழியாகப் போவது ஒன்று, அவ்வளவுதான். கரையோரமாகத் தீவைச் சுற்றி ஒரே சாலை, மொத்தம் 32 கிலோமீட்டர். எதில் ஏறினாலும் இறங்க வேண்டிய இடம் வந்தே தீரும். நிறுத்தம் தேடி ஓட வேண்டியதில்லை. சாலையோரம் நின்று கை காட்டினால் வண்டி நிற்கும். போக்குவரத்து விளக்கு என்று தீவில் ஒன்றுகூடக் கிடையாது.

இந்த மாதம் நம் இதழ் பயணச் சிறப்பிதழாக வருகிறது. மலையும் காடும் பழைய நகரங்களும் உள்பக்கங்களில் காத்திருக்கின்றன. அதற்கு முன், இந்தக் குட்டிச் சாலையில் ஒரு பகல் பொழுது உங்களை அழைத்துப் போக ஆசை. நிற்காமல் போனால் ஒரு மணி நேரத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். நாம் நின்று நின்று போவோம். இந்தச் சாலை இத்தனை அழகாக இருப்பதற்குக் கடலும் மலையும் மட்டும் காரணமில்லை. வேறென்ன காரணம் என்பதைப் போகிற வழியிலேயே பார்க்கலாம்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி, தென் பசிபிக்கில் குக் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. மொத்தம் 15 தீவுகள். அவற்றில் பெரியதும் தலைநகர் அவாருவாவைக் கொண்டதும் ராரோடோங்கா. பெரியது என்றால் 67 சதுர கிலோமீட்டர். எரிமலை எழுப்பிய தீவு. நடுவில் சுமார் 650 மீட்டர் வரை உயரும் சிகரங்களும் அவற்றை மூடிய அடர்காடும். அதைச் சுற்றிக் கொஞ்சம் சமநிலம். பிறகு சாலை, மணல், முழங்கால் அளவும் இடுப்பளவும் நீர் நிற்கும் காயல். அதற்கும் வெளியே பவளப்பாறை வளையம். அலை அந்த வளையத்தில் மோதி வெள்ளைக் கோடாக உடைகிறது. உள்ளே பச்சை, வெளியே கருநீலம்.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. தீவுக் கூட்டத்துக்குத் தன் பெயரைத் தந்த கேப்டன் ஜேம்ஸ் குக், அதன் வேறு சில தீவுகளைக் கண்டவர். ராரோடோங்காவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 1888இல் பிரிட்டனின் பாதுகாப்பின்கீழ் வந்து, 1901இல் நியூசிலாந்தோடு சேர்க்கப்பட்டு, 1965இல் தன்னாட்சி பெற்ற நாடு குக் தீவுகள். மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமை உள்ளவர்கள். தீவுகளில் இருப்பவர்களைப்போலப் பல மடங்கு பேர் நியூசிலாந்தில் வாழ்கிறார்கள். வீடு இங்கே, வேலை அங்கே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் தேவைப்படும்.

நாம் வலஞ்சுழி வண்டியிலேயே ஏறுவோம். நம் ஊரைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஆகவே இந்தத் திசையில் போனால் கடலை ஒட்டிய தடம் நமக்கு. இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் மலை. கிரிவலம் போகிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலையானால் புறப்படும் முன் அவாருவாவின் புனாங்கா நுயி சந்தைக்குள் நுழைந்துவிட வேண்டும். தேங்காய், பப்பாளி, சேப்பங்கிழங்குக் குவியல்கள், இளங்குருத்தோலையில் முடைந்த தொப்பிகள், துண்டுத் துணிகளைப் பூவேலையாகத் தைத்துச் சேர்த்த டிவைவை விரிப்புகள். பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிய இக்கா மாட்டா கிடைக்கும். மீன் வேண்டாம் என்பவர்களுக்கு, சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்த ருகாவு இருக்கிறது. தேங்காய்ப்பாலின் அருமை தெரிந்த நாக்குக்கு இரண்டாவது கவளத்திலேயே அந்த ஊர் பழகிவிடும்.

பக்கத்தில் 1853இல் கட்டிய வெள்ளைத் தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்தில்தான் தன்னாட்சி பெற்ற நாட்டின் முதல் தலைவரான ஆல்பர்ட் ஹென்றி அடங்கியிருக்கிறார். ஞாயிறு காலை வந்தால், பக்கவாத்தியம் ஏதுமின்றி, ஆண் குரல்கள் அடியில் தாளமாக உறும, பெண் குரல்கள் மேலே ஏறிப் பிரியும் சேர்ந்திசையைக் கேட்கலாம். தேவனை நம்பாதவர்களும் அதைக் கேட்கப் போகிறார்கள்.

வண்டி கிழக்கே திரும்புகிறது. இது கரையோரச் சாலை. ஆரா டாபு என்று பெயர். வலப்பக்கம், சற்று உள்ளே, மலையடிவாரத்தை ஒட்டி இன்னொரு பாதையும் தீவின் பெரும்பகுதியைச் சுற்றி வருகிறது. அது ஆரா மெடுவா. பவளக் கல்லும் எரிமலைப் பாறையும் பாவி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் போட்டதாகச் சொல்கிறார்கள். இன்று பெரும்பாலும் தார் போர்த்திக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து ஊர்கள் அந்த உள்பாதையை ஒட்டித்தான் இருந்தன. கிறித்துவப் போதகர்கள் வந்த பிறகே மக்கள் கரைக்கு இறங்கித் தேவாலயங்களைச் சுற்றிக் குடியேறினார்கள். நேரமிருந்தால் ஒரு வாடகை ஸ்கூட்டரில் உள்பாதையிலும் போய்ப் பாருங்கள். சேப்பங்கிழங்குப் பாத்திகள், வாழை, கட்டிப்போட்ட ஆடுகள், தலைவர்களுக்குப் பட்டம் சூட்டிய ஆரைடெடோங்கா என்னும் பழைய கல் முற்றம் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

கரைச் சாலையில் நம் கண்ணை முதலில் நிறுத்துவது வீடுகளின் முற்றம். வாசலுக்கும் சாலைக்கும் இடையில், பூச்செடிகளுக்கு நடுவே, வெள்ளையடித்த கல்லறைகள். சிலவற்றுக்குத் தகரக் கூரைகூடப் போட்டிருப்பார்கள். தாத்தாவும் பாட்டியும் சுடுகாட்டுக்குப் போகவில்லை. வீட்டு முற்றத்திலேயே இருக்கிறார்கள். பிள்ளைகள் சுற்றி ஓடி விளையாடுகிறார்கள்.

இந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. குக் தீவுகளில் நிலத்தை விற்க முடியாது. யார் நினைத்தாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும். நிலம் ஒரு வம்சத்தின் பொதுச் சொத்து; பிறப்பால் உரிமை வருகிறது. வெளியாளோ நிறுவனமோ அதிகபட்சம் 60 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கலாம். அவ்வளவுதான். 1974இல் பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுதளம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட பிறகு சுற்றுலா கொட்டத் தொடங்கியது. 2019இல் மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அங்கேயே வாழ்கிறவர்களோ சுமார் 15,000 பேர்தான். உலகின் வேறு பல கடற்கரைகளில் இந்தக் கணக்கு என்ன செய்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். இங்கே தென்னையைவிட உயர்ந்த கட்டடம் கூடாது என்பது ஊர் வழக்கு. கரையும் பெரும்பாலும் ஊராரின் கையில் இருக்கிறது. நாம் பேருந்தின் சன்னல் வழியே பார்க்கும் கடலுக்கு முன்னால் மதில் எழும்பாததற்கு இவையும் காரணம்.

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பங்கு பெருகி, ஒரு துண்டு நிலத்துக்கு நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். பாதிப்பேர் ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். வீடு கட்டக் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நிலத் தகராறுகளுக்கென்றே தனி நீதிமன்றப் பிரிவு இருக்கிறது. ஆனாலும் சட்டத்தை மாற்றி நிலத்தைச் சந்தைக்கு விட அவர்கள் மனம் ஒப்பவில்லை.

கிழக்குக் கரையில் ஙாட்டாங்கீயா வந்துவிட்டது. இறங்குவோம். பவள வளையத்தில் ஓர் இடைவெளி, அவானா என்னும் வாய்க்கால். இங்கிருந்துதான் ஏழு பெரும் ஓடங்கள் நியூசிலாந்துக்குப் புறப்பட்டன என்பது தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் மரபு. டாகிடுமு, டைனுயி, டெ அராவா, அவோடெயா என்று அந்த ஓடங்களின் பெயர்கள் தொடர்கின்றன. இன்றும் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தங்கள் குலத்தைச் சொல்லும்போது இன்ன ஓடத்தின் வழிவந்தவர்கள் என்று சொல்வார்கள். கரையில் வட்டமாக ஏழு கற்கள் நட்டு வைத்திருக்கிறார்கள். திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை. விண்மீன் எழும் இடம், அலை வந்து மோதும் கோணம், பறவை திரும்பும் திசை, மேகத்தின் அடிவயிற்று நிறம் இவற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்தார்கள்.

அந்த வித்தை ஒரு காலத்தில் அழியும் நிலைக்கு வந்தது. 1992இல் ராரோடோங்காவில் நடந்த பசிபிக் கலைவிழாவுக்குப் பல தீவுகளிலிருந்து ஓடங்கள் கடல் தாண்டி வந்து சேர்ந்தபோது குக் தீவுகளில் அதற்கு மறுபடி உயிர் வந்தது. நாட்டின் பிரதமராக இருந்த மருத்துவர் டாம் டேவிஸ், பதவிக்குப் பிறகு பழைய பாணியில் ஓடம் கட்டுவதில் முன்னின்றவர்.

ஓடங்களில் மனிதர்கள் மட்டும் வரவில்லை. சேம்பு, வாழை, கரும்பு, கறிப்பலா, மஞ்சள், கோழி, பன்றி எல்லாம் கூடவே வந்தன. வாய்க்கால் கரையிலும் சாலையோரத்திலும் நிற்கும் மரங்களை நம் கடலோரத்து வாசகர் யாரும் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்: பூவரசு, புன்னை, நுணா, நீர்ப்பருத்தி. அச்சு அசலாக அதே இனங்கள். இதைக்கொண்டு யார் எங்கே போனார்கள் என்று கதை கட்ட வேண்டாம். பூவரசின் விதையும் புன்னையின் காயும் உப்புநீரில் மிதந்து வெகுதூரம் போய் முளைக்கக்கூடியவை. சிலவற்றைக் கடல் கொண்டுபோனது, சிலவற்றை ஓடம் கொண்டுபோனது. நாம் கதவுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அறுத்த பூவரசை அவர்கள் கிண்ணமாகக் குடைந்தார்கள். தெய்வ முற்றங்களின் அருகில் நட்டு வைத்தார்கள்.

அடுத்து முரி. படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் ராரோடோங்கா இதுதான். அகன்ற காயல், அதற்குள் நான்கு குட்டித் தீவுகள். நீர் வற்றும்போது இடுப்பளவில் நடந்தே ஒரு தீவுக்குப் போகலாம். விடுதிகளும் உணவகங்களும் இங்கேதான் அதிகம். அதனால் நோயும் இங்கேதான் முதலில் தெரிந்தது. சில ஆண்டுகளாக முரிக் காயலில் பாசி மண்டத் தொடங்கியது. வீடுகளும் விடுதிகளும் நிலத்துக்குள் விடும் கழிவுநீர், தோட்டங்களின் உரம், பன்றிப் பட்டிகளின் அழுக்கு எல்லாம் மண்ணுக்குள் கசிந்து காயலில் சேர்ந்து பாசிக்குச் சோறு போட்டன. கழிவுநீரைத் திரட்டி எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி அங்கே பெரிய விவாதமானது. நிலத்தை விற்காததால் மட்டும் கடல் தப்பிவிடாது என்பதற்கு முரியே சாட்சி.

தெற்குக் கரையில் டிடிகாவேகா. 1841இல் கட்டிய தேவாலயம். கடலின் பவளப்பாறையைக் கையால் பாளம் பாளமாக வெட்டி, கரைக்குக் கொண்டுவந்து சுவராக்கினார்கள். எதிரே தெளிந்த காயல். முகத்தில் கண்ணாடி மாட்டி நீரில் குப்புறக் கிடந்தால் கிளி மீன்களும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் மூக்குக்குக் கீழே மேயும்.

அவை சும்மா அங்கே இருக்கவில்லை. ராவுயி என்றொரு பழைய முறை உண்டு. காயலின் ஒரு பகுதியில் இன்ன காலம்வரை யாரும் மீன் பிடிக்கக் கூடாது, சிப்பி பொறுக்கக் கூடாது என்று ஊர்த் தலைவர்கள் தடை போடுவார்கள். நடுவில் வழக்கொழிந்துபோன இந்த முறையை 1998இல் ராரோடோங்காவின் மரபுத் தலைவர்கள் மறுபடி கொண்டுவந்தார்கள். காவல்துறைக்கும் அபராதத்துக்கும் பயந்து நடப்பதல்ல இது; ஊர் சொன்னதை மீறினால் ஊரார் முகத்தில் விழிக்க முடியாது என்பதே கட்டுப்பாடு.

இதே பகுதியின் மலைக்காட்டில் நடந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. காகெரோரி என்றொரு சிறு ஈப்பிடிப்பான் பறவை. உலகில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். கப்பல்களில் வந்திறங்கிய எலிகள் அதன் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. 1989இல் எண்ணிப் பார்த்தபோது மிச்சமிருந்தவை 29. அறிவியலாளர்கள் வழி சொன்னார்கள்: குஞ்சு பொரிக்கும் காலம் முழுவதும் காட்டுக்குள் எலி மருந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்டுதோறும், விடாமல். அந்தக் காட்டு நிலத்தின் உரிமையாளர்களான மூன்று வம்சத்தார் 1996 முதல் அந்தப் பொறுப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். காட்டை வெட்டாமல் காப்பகமாக்கினார்கள். பயணிகளை அழைத்துப்போய்ப் பறவையைக் காட்டி வரும் வருமானத்தைக் காப்பதற்குச் செலவிட்டார்கள். இன்று காகெரோரி நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஒரு புயல் எல்லாவற்றையும் துடைத்துவிடக் கூடாதே என்று சில பறவைகளைக் குக் தீவுகளில் இன்னொன்றான அட்டியுவிலும் குடியேற்றியிருக்கிறார்கள்.

பறவையைப் பார்த்த கையோடு, சற்று மேற்கே, இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்தாக வேண்டும். வைமாங்கா. 1990களின் தொடக்கத்தில் இங்கே ஒரு பெரிய நட்சத்திர விடுதி எழும்பியது. வெளிநாட்டுக் கடன், அதற்கு அரசின் உத்தரவாதம். முக்கால் பங்குக்கு மேல் கட்டிய நிலையில், 1993இல் பணம் நின்று வேலையும் நின்றது. கடன் நாட்டின் தலையில் விழுந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் அரசே திணறிப்போய், ஊழியர்களைப் பெருமளவில் குறைத்தது; பல குடும்பங்கள் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தன. கட்டடங்கள் பல பத்தாண்டுகள் கொடி படர்ந்து, கண்ணிழந்து நின்றன. ஊரார் வேறு காரணமும் சொல்வார்கள்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலத் தகராறில் இங்கே ஒரு கொலை விழுந்தது, இறந்தவரின் மகள் இந்த மண்ணில் எதுவும் விளங்காது என்று சாபமிட்டாள் என்று. சாபத்தை நம்புவதும் கணக்குப் புத்தகத்தை நம்புவதும் உங்கள் விருப்பம். இரண்டிலும் முடிவு ஒன்றுதான்.

மேற்குக் கரைக்கு வந்தால் அரோராங்கி. பின்னால் உச்சி மொட்டையாகத் தெரியும் மலை ராயெமாரு. அதன் தலையை, குக் தீவுகளில் மற்றொன்றான ஐடுடாகியின் வீரர்கள் இரவோடு இரவாக வெட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். சம்மணமிட்டு உட்கார்ந்தாற்போலத் தட்டையாக இருந்த தங்கள் தீவுக்கு ஒரு மலை வேண்டும் என்று! ஐடுடாகியில் இருக்கும் குன்று அதுதான் என்று இரண்டு தீவாரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார்கள். 1823இல் இங்கே வந்து கிறித்துவத்தைப் பரப்பிய, சொசைட்டி தீவுகளைச் சேர்ந்த பாபெயிஹாவின் கல்லறையும் இந்த ஊர்த் தேவாலயத்தில்தான்.

சூரியன் இறங்கும் நேரம் இந்தக் கரையில் இருப்பதுபோலத் திட்டமிடுங்கள். கொஞ்சம் வடக்கே, மணலிலிருந்து கடலுக்குள் நீளும் கரும்பாறை ஒன்று இருக்கிறது, டுவோரோ என்பார்கள். இறந்தவர்களின் ஆவி மூதாதையர் நாடான அவாய்கிக்குக் குதித்துப் போகும் இடம் அது என்பது பழைய நம்பிக்கை. இப்போது மாலையில் பிள்ளைகள் அதிலிருந்து குதித்து நீந்துகிறார்கள். அதைத் தாண்டினால் விமான நிலையம், அவாட்டியு துறைமுகம், மறுபடி அவாருவா. சுற்று முடிந்தது.

நம்மில் பலர் ராரோடோங்காவுக்குப் போகப்போவதில்லை. ஆக்லாந்து வழியாக அத்தனை தூரம் போய்வரும் செலவு எளிதானதல்ல. பிறகு ஏன் இந்தத் தீவு? சுற்றுலாக் கட்டுரைகளில் ‘இயற்கை எழில்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். இந்த 32 கிலோமீட்டரில் நாம் பார்த்தது இயற்கை மட்டுமா? விற்காத நிலம், மீன்பிடிக்காமல் விட்ட காயல், ஆண்டுதோறும் எலி மருந்து சுமந்து மலையேறிய கால்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கைக்கு வந்த லாபத்தை வேண்டாம் என்று சொன்னதால் நிலைத்தது. சொல்லத் தவறிய இடத்தில் பாசியும் பாழடைந்த விடுதியும் நிற்கின்றன.

அந்த மக்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை இப்போது எதிரே இருக்கிறது. 2017இல் சுமார் 19 லட்சம் சதுர கிலோமீட்டர் கொண்ட தங்கள் கடல் முழுவதையும் மாராயெ மோவானா என்ற பெயரில் பாதுகாக்கச் சட்டம் செய்தார்கள். அதே கடலின் ஆழத்தில் கோபால்ட்டும் மாங்கனீசும் செறிந்த கனிம உருண்டைகள் கிடக்கின்றன. 2022இல் அவற்றை ஆராய நிறுவனங்களுக்கு உரிமமும் கொடுத்தார்கள். எடுக்கலாமா, கூடாதா என்று தீவு இரண்டுபட்டுப் பேசிக்கொண்டிருக்கிறது. வருமானத்துக்குப் பெரும்பாலும் சுற்றுலாவை நம்பி, பெருந்தொற்றுக் காலத்தில் எல்லை மூடிக் கிடந்த நாடு அது. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்குப் புத்தி சொல்ல நமக்கு உரிமையில்லை. கவனித்துக் கற்றுக்கொள்ள உரிமை உண்டு.

ஆகவே வாசகர்களே, இந்தச் சிறப்பிதழைப் படித்துவிட்டு எங்கே புறப்பட்டாலும் ஒரு கேள்வியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடம் இன்னும் இப்படி இருக்க யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்? வண்டி ஓட்டுபவரிடம் கேளுங்கள், டீக்கடையில் கேளுங்கள். பதில் தெரிந்த ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார்.

உங்கள் ஊரிலேயே அப்படி ஒரு சாலையோ ஏரிக்கரையோ தோப்போ இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அழகை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அதைக் காத்தவர்களைப் பற்றி மிச்சப் பக்கத்தை எழுதுங்கள். நல்ல கடிதங்களுக்கு அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்